புதிய முழங்காலும் முதல் அடியும்

நோயுற்றவனுக்கு ஓய்வே முதல் மருந்து என்ற எண்ணம் மனித உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. காய்ச்சல் கண்டவனைப் பாயிற் கிடத்துவர். கால் முறிந்தவனை அசையாதே என்பர். உடலைக் கத்தியால் அறுத்துத் தைத்த ஒருவர் சில மணி நேரத்தில் எழுந்து நடக்க முயன்றாலோ, சுற்றத்தார் பதறிப்போய் அவரை மீண்டும் கட்டிலிற் படுக்க வைப்பர். இந்தப் பதற்றம் அன்பிற் பிறந்தது. ஆயினும் அன்பிற் பிறந்த செயலெல்லாம் நன்மையில் முடியும் என்று சொல்வதற்கில்லை. முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவரைக் கட்டிலிற் கிடத்தி வைப்பது அவருக்கு உதவியா, இடையூறா என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் கடந்த முப்பது ஆண்டுகளிற் கண்ட விடையே இப்பேச்சின் பொருளாகும்.

ஓய்வின் பெருமை மருத்துவ நூல்களிலும் இடம்பெற்ற ஒன்றே. 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் என்னும் என்பு வைத்தியர், நோயுற்ற மூட்டுக்குக் கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் எனப் போதித்தார். காசநோய் மூட்டுகளை அரித்து வந்த காலம் அது. அந்நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலமும் அதுவே. ஆகவே அப்போதனைக்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால், ஒரு நோய்க்கு ஏற்ற விதி நாளடைவில் எல்லா நோய்களுக்கும் உரிய விதியாக மதிக்கப்படலாயிற்று. சத்திரசிகிச்சை பெற்றவர் பல நாட்கள் படுத்தே இருத்தல் வேண்டும் என்பது வைத்தியசாலைகளின் எழுதாச் சட்டமாயிற்று.

அச்சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் லண்டன் வைத்தியர் ரிச்சட் ஆஷர் ஒருவர். படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி 1947ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். படுத்திருப்பவரின் கால் நாளங்களிற் குருதி உறைகிறது, நுரையீரலிற் சளி தேங்குகிறது, தோல் புண்ணாகிறது, தசை மெலிகிறது, என்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது, மலம் கட்டுகிறது, மனமும் சோர்கிறது. இவ்வாறு உடலின் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, கட்டில் அதற்குச் செய்யும் தீங்கை அவர் விளக்கினார்.

அவர் கூறியதற்கு அளவிட்டுக் காட்டிய சான்று பின்னர் கிடைத்தது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில் உடல் நலம் மிக்க ஐந்து இளைஞர்களை ஏறத்தாழ மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருந்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது அவர்களுடைய உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளின் பின் அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தபோது வியப்பான ஓர் உண்மை புலனாயிற்று. முப்பது ஆண்டு மூப்பு அவர்களுடைய உழைக்கும் ஆற்றலைக் குறைத்த அளவிலும், இளமையிற் கழித்த அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவே பெரிதாக இருந்தது. இருபது வயது இளைஞனுக்கே இந்த நிலை என்றால், எழுபது வயது மூதாட்டியைப் பத்து நாள் கட்டிலிற் கிடத்துவது எத்தகைய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி முழங்காலுக்கு வருவோம். தொடை என்பும் கீழ்க்கால் என்பும் சந்திக்கும் இடத்தில், அவற்றின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. மூட்டுத் தேய்வு நோயில் அப்போர்வை சிறிது சிறிதாக அழிகிறது. ஈற்றில் என்பும் என்பும் உராய்கின்றன. கால் வில்லாக வளைகிறது, படியேறுதல் துன்பமாகிறது, இரவில் உறக்கமும் கலைகிறது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி நீக்கும் மருந்து ஆகியவை பயன்படாத நிலையிலேயே மூட்டை மாற்றும் எண்ணம் எழும்.

1890ஆம் ஆண்டில் பேர்லின் நகரின் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தாற் கடைந்த முழங்கால் மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமித் தொற்று அம்முயற்சியைக் கெடுத்தது. 1968ஆம் ஆண்டில் கனடா நாட்டவரான பிராங் கன்ஸ்ரன், இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் உலோகமும் பிளாத்திக்கும் சேர்ந்த மூட்டைப் பொருத்தினார். 1970களில் நியூயோர்க் நகரில் ஜோன் இன்சாலும் அவருடைய துணைவர்களும் அமைத்த மூட்டே இன்றைய மூட்டுகளுக்குப் பெரும்பாலும் முன்னோடியாகும். தேய்ந்த முனைகளைச் செதுக்கி நீக்கி, தொடை என்பின் முனைக்கு உலோகக் கவசமும், கீழ்க்கால் என்பின் தலைக்கு உலோகத் தட்டும், இடையே பொலித்தீன் வகையைச் சேர்ந்த வலிய மெத்தையும் வைப்பர். பொருத்தி முடிந்த அக்கணத்திலேயே அம்மூட்டு உடலின் பாரத்தைத் தாங்க வல்லது. இது நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி. மூட்டு தாங்குமாயின், மனிதர் ஏன் நாட்கணக்கிற் படுத்திருக்க வேண்டும்?

இந்த வினாவை, முழங்காலுக்கு மட்டுமன்றிச் சத்திரசிகிச்சை முழுமைக்கும் பொதுவாகக் கேட்டவர் டென்மார்க் நாட்டின் ஹென்ரிக் கெஹ்லெட் என்னும் சத்திர வைத்தியர். கொப்பன்ஹேகன் நகரை அடுத்த ஹ்விடோவ்ர வைத்தியசாலையில் அவர் பணியாற்றினார். சத்திரசிகிச்சை தவறின்றி முடிந்த பின்னும் நோயாளி இன்று ஏன் வைத்தியசாலையில் இருக்கிறார்? அவரைக் கட்டிலோடு பிணைத்திருப்பது எது? வலியா, குமட்டலா, தலைச்சுற்றா, உடலிற் செருகிய குழாயா, அல்லது வெறும் வழக்கமா? ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே கண்டு, அதனதன் மருந்தை அளித்தால் நோயாளி தாமாகவே எழுந்து வீடு செல்வார் என்பது அவருடைய கருத்து. 1995ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர், பெருங்குடற் சத்திரசிகிச்சை பெற்ற முதியவர் சிலர் இரண்டே நாட்களில் வீடு செல்லக்கூடியவராயினர் என்பதை வெளியிட்டனர். 1997இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு தனி மருந்தோ ஒரு தனி உத்தியோ போதாது. பலவும் ஒருங்கிணைய வேண்டும் என்பதை நிறுவியது. துரிதப் பாதை முறை என இது பெயர் பெற்றது. அதே வைத்தியசாலையின் என்புச் சத்திர வைத்தியர் ஹென்ரிக் ஹுஸ்டெட் முதலியோர் இம்முறையை இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றங்களுக்குப் பயன்படுத்தினர்.

இம்முறையின் தொடக்கம் கத்தி எடுக்கும் நாளில் அன்று; அதற்குப் பல வாரங்கள் முன்னராகும். நோயாளியையும் அவருடைய உறவினரையும் ஒருங்கே அழைத்து, என்ன நடக்கும், எவ்வளவு வலிக்கும், எப்பொழுது எழுந்து நிற்க வேண்டும், எப்பொழுது வீடு செல்லலாம் என்பவற்றை முன்னரே விளக்குவர். அறியாதவனுக்கே அச்சம் பெரிது. குருதிச் சோகை இருப்பின் அதை முன்னரே கண்டு தீர்ப்பர். புகைத்தலையும் மதுவையும் விடச் செய்வர். இதன் பயன் சிறிதன்று. கொப்பன்ஹேகனில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு இருந்த 120 புகைப்பவர்களை ஆராய்ந்து, அதன் முடிவை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே புகைத்தலை விடுவதற்கு உதவி பெற்றவர்களுள் 100க்கு 18 பேருக்கே சத்திரசிகிச்சையின் பின் சிக்கல் நேர்ந்தது. அவ்வுதவி பெறாதவர்களுள் 100க்கு 52 பேருக்கு நேர்ந்தது. சுருட்டொன்றைக் கீழே வைப்பது எத்துணைப் பெரிய மருந்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சத்திரசிகிச்சை நாளிலும் பழைய வழக்கங்கள் பல கைவிடப்பட்டன. முதல் நாள் இரவு தொடங்கித் தொண்டை வறளப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை அருந்தலாம். முழு மயக்கத்துக்குப் பதிலாக முள்ளந்தண்டில் ஊசியேற்றி, இடுப்பின் கீழ்ப்பாகத்தை மட்டும் மரத்துப் போகச் செய்வதைப் பலர் விரும்புவர்.

வலிக்கு முன்பு மோபின் முதலிய அபின் இன மருந்துகளே பெருந்துணையாக இருந்தன. அவை வலியைத் தணிப்பினும் குமட்டலையும் தலைச்சுற்றையும் மயக்கத்தையும் உண்டாக்கி, நோயாளியை எழவொட்டாமற் செய்தன. தொடையின் பெருநரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் வழக்கில் இருந்தது. அது வலியோடு தொடைத் தசையின் வலிமையையும் பறித்தமையால், எழுந்து நின்றவர் தடுமாறி விழும் அபாயம் ஏற்பட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கெர், கோஹன் என்னும் இரு வைத்தியர்கள் வேறொரு வழி கண்டு, அதை 2008ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். சத்திரசிகிச்சை நடக்கும்போதே, மூட்டைச் சூழ்ந்த இழையங்களில் மரக்கச் செய்யும் மருந்தைப் பரவலாக ஊசியேற்றினர். வலி அடங்கியது, தசையோ விழித்திருந்தது. இதனோடு பரசிற்றமோலும் வீக்கம் தணிக்கும் மருந்தும் சேர்த்து வேளை தவறாது கொடுக்க, அபின் இன மருந்தின் தேவை பெரிதும் குறைந்தது.

குருதி இழப்பைக் குறைத்த மருந்தின் வரலாறும் கேட்கத் தக்கது. ட்ரனெக்சாமிக் அமிலம் என்னும் அம்மருந்தை ஜப்பான் நாட்டின் உத்தாக்கோ ஒகமோட்டோ என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவர் ஷொசுக்கே ஒகமோட்டோவும் 1962ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். பிரசவத்திற் குருதி பெருகி இறக்கும் தாய்மாரைக் காப்பதே அவ்வம்மையாரின் நோக்கம். உறைந்த குருதி அளவுக்கு மீறிக் கரைவதைத் தடுக்கும் அம்மருந்து, மூட்டு மாற்றத்தில் குருதியேற்றும் தேவையை வெகுவாகக் குறைத்தது. குருதி குறைந்தவருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும். குருதி காக்கப்பட்டவர் நிமிர்ந்து நிற்பார்.

காயத்திலிருந்து குருதி வடியச் செருகும் குழாயும், எல்லாருக்கும் பொதுவாகச் செருகப்பட்ட சிறுநீர்க் குழாயும் இம்முறையில் விலக்கப்பட்டன. படுத்திருப்பவரின் காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரம் ஒன்றும் முன்னாளில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது அதனால் விளையும் நன்மை மிகச் சிறிது எனத் தெரிந்தது. இயந்திரம் காலை அசைப்பதிலும், மனிதர் தம் காலைத் தாமே அசைப்பதே மேல்.

இவ்வாறு தடைகள் ஒவ்வொன்றாக நீங்கியபின், ஊசியின் மரப்புத் தெளிந்த சில மணி நேரத்தில், அன்றைய தினமே நோயாளி எழுந்து நிற்கிறார். ஒரு பக்கம் இயன்மருத்துவர், மறு பக்கம் தாதி. கையில் ஊன்றுகோல் அல்லது நான்கு காற் சட்டம். முதல் நாள் கட்டிலிலிருந்து கதிரை வரை; பின் கதவு வரை; மறுநாள் கூடத்தின் ஓரம் வரை; அப்பால் படி. இந்த முதல் அடி உடலுக்கு மட்டும் உரியதன்று. தம் கால் தம்மைத் தாங்கும் என்ற நம்பிக்கை அவ்வடியிற் பிறக்கிறது.

பயன் என்ன? 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றம் பெற்றோர் பத்துப் பதினொரு நாட்கள் வைத்தியசாலையில் தங்கினர். 2009இல் அது ஏறத்தாழ நான்கு நாட்களாயிற்று. அதன்பின் இன்னும் குறைந்தது. தெரிந்தெடுத்த சிலர் அன்றே வீடு செல்லும் நிலையும் வந்துள்ளது. விரைந்து சென்றமையால் மீண்டும் வந்து சேர்வோர் தொகை பெருகவில்லை என்பதும் ஆய்வுகளிற் கண்ட உண்மை. நோயாளரை விரைவில் அனுப்பிய பிரிவுகளையும், நீண்ட நாள் வைத்திருந்த பிரிவுகளையும் ஹுஸ்டெட் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தனர். கூடத்தின் ஒழுங்கு, மாறாத பணியாளர், அனைவரும் ஒரே குரலிற் கூறும் அறிவுரை, அன்றைய தினமே நடக்க வைத்தல் ஆகியனவே வேறுபாட்டுக்குக் காரணமாக இருந்தன. விலையுயர்ந்த கருவியொன்றும் அவ்வட்டவணையில் இல்லை. ஒரு தாதி நடவுங்கள் என்றும், மற்றொருவர் படுங்கள் என்றும் சொல்லும் கூடத்தில் எந்த நோயாளியும் எழமாட்டார் அன்றோ?

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. விரைவு வேறு, அவசரம் வேறு. வைத்தியசாலையிற் கட்டில் போதாது என்பதற்காகவோ, செலவு குறைய வேண்டும் என்பதற்காகவோ, ஆயத்தமில்லாத நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது துரிதப் பாதை ஆகாது. அது கைவிடுதலே ஆகும். டேனிய முறையில் ஒருவரை அனுப்புவதற்கு நாட்கணக்கு அளவுகோல் அன்று. அவர் தாமாகக் கட்டிலில் ஏறி இறங்குகிறாரா? ஆடை அணிகிறாரா? கதிரையிலிருந்தும் மலகூடத்திலிருந்தும் எழுகிறாரா? ஊன்றுகோலுடன் நடக்கிறாரா? வாய்வழி உட்கொள்ளும் குளிசையால் வலி அடங்குகிறதா? வீடு செல்ல அவருக்குச் சம்மதமா? இவை அனைத்துக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின்னரே கதவு திறக்கும். எவரேனும் ஐந்தாம் நாளிலே இவ்விடையைப் பெறுவாராயின், அவருக்கு உரிய நாள் ஐந்தாம் நாளே.

வீடு சேர்ந்ததும் நோய் முடிந்தது என எண்ணுவதும் பிழை. சத்திரசிகிச்சையின் பின் முதல் நாட்களில் தொடையின் முன்புறத் தசை தன் வலிமையில் ஐந்தில் நான்கு பங்களவை இழந்து நிற்கிறது என்பதை டேனிய ஆய்வாளரே அளந்து காட்டினர். வீக்கமே அதற்குப் பெரிதும் காரணம். அவ்வலிமை மீள வாரங்களும் மாதங்களும் செல்லும். முழு நலம் பெற ஓராண்டும் ஆகலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், காலம் கடந்த பின்னும் ஓரளவு வலியோ மனக்குறையோ உடையவராயிருப்பதும் மறைக்கத் தகாத உண்மை. துரிதப் பாதை, புண் ஆறும் காலத்தைக் குறுக்குவதில்லை. வீணாகப் படுத்திருக்கும் காலத்தையே குறுக்குகிறது.

ஆதலால் வைத்தியசாலையில் தொடங்கிய பணியை வீடு தொடர வேண்டும். படுத்தபடியே குதிகாலை இழுத்து முழங்காலை மடக்குதல், காலை நேராக நீட்டித் தொடைத் தசையை இறுக்குதல், நாளுக்கு நாள் சிறிது கூடுதலாக நடத்தல் ஆகியவற்றை இயன்மருத்துவர் காட்டிய அளவிற் செய்தல் வேண்டும். முழங்காலின் கீழ்த் தலையணையை நிரந்தரமாக வைத்துக்கொள்வது இதமாகத் தோன்றினும், கால் முற்றாக நீளாது போவதற்கு அதுவே வழியாகும். வீக்கம் கண்டால் காலை உயர்த்தி வைத்துக் குளிர் ஒத்தடம் கொடுப்பது நன்று. தரையில் வழுக்கும் பாயையும், காலிற் சிக்கும் கம்பியையும் அகற்றுக. கைப்பிடியுள்ள உயர்ந்த கதிரை ஒன்றை ஆயத்தமாக வைக்குக. தரையிற் சம்மாணங்கொட்டி இருத்தலும், குந்தியிருக்கும் மலகூடமும், முழந்தாளிட்டு வணங்குதலும் வழக்கமாயுள்ள இல்லங்களில், புதிய மூட்டு எவ்வளவு மடங்கும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம். பொதுவாகப் புதிய மூட்டு நடப்பதற்கும் படியேறுவதற்கும் நன்கு உதவும். ஆழக் குந்துவதற்கு ஏற்றதன்று.

சில அறிகுறிகளை மட்டும் ஒரு நாளும் பொறுத்திருத்தலாகாது. கெண்டைக்காலிற் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றுதல், மூச்சு முட்டுதல், நெஞ்சு நோதல், காய்ச்சல், காயத்திற் சிவப்புப் படர்தல் அல்லது நீர் கசிதல் ஆகியவை கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. குருதி உறையாதிருக்கக் கொடுத்த மருந்தை, வைத்தியர் குறித்த நாள் வரை தவறாது உட்கொள்க.

சுற்றத்தாரின் கடமையும் மாறிவிட்டது. முன்னாளில் நோயாளிக்குத் தண்ணீரைக் கட்டிலிற் கொண்டுபோய்க் கொடுப்பதே பணிவிடை. இன்று அத்தண்ணீரை மேசைமேல் வைத்து, அவர் எழுந்து வந்து அருந்தும்போது விழாதபடி அருகே நிற்பதே பணிவிடை. முந்தியது எளிது, பிந்தியதற்குப் பொறுமை வேண்டும். முதுமையில் ஒருவர் பிறர் கையை எதிர்பாராது தம் காலில் நடமாடுதலே பெருஞ்செல்வம். அதைக் கொடுக்கவே உலோகமும் கத்தியும் ஊசியும் இத்தனை பேருடைய உழைப்பும் ஒன்றுகூடின. எழுந்து வைக்கும் அந்த முதல் அடியை மட்டும் எந்த வைத்தியரும் வைத்துக் கொடுக்க இயலாது. அதை நோயாளியே வைக்க வேண்டும். அருகில் நிற்போர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.